ராடிசாவின் வலது கால்

என் கொழுந்தன் ராடிசாவ் கரண்ட் ரீடிங் எடுக்கிறவன். புகோவிக் மலையில் எந்த வீட்டில் எத்தனை ஃப்ரீசர் ஓடுகிறது, எவன் திருட்டுத்தனமாகத் தண்ணீர் மோட்டார் வைத்திருக்கிறான், எவள் அடுப்பைப் போட்டுவிட்டு மறந்துபோகிறாள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். ஆனால் ஒரு வீட்டுச் சமாசாரத்தை, என்னிடம் தவிர, இன்னொரு வீட்டில் சொல்ல மாட்டான். அதனால் அவன் போகிற வீட்டில் எல்லாம் காப்பி கிடைக்கும். காப்பி கொடுத்தால் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும். அங்கேதான் அவனுக்குக் கஷ்டம்.

மாமனார் போனபோது மூத்தவருக்கு, அதாவது என் வீட்டுக்காரர் புதிமிருக்கு, டிராக்டர் வந்தது. இளையவனுக்கு அந்தப் பழைய ஜாவா பைக். இரண்டு பேருக்கும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்று நினைப்பு. ராடிசாவ் அந்த பைக்கில்தான் வேலைக்குப் போனான், அந்த பைக்கில்தான் பெண் பார்க்கப் போனான். தெசாங்காவை முக்காட்டுத் துணி காற்றில் பறக்கப் பறக்கக் கூட்டி வந்ததும் அதில்தான். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே முற்றம். அவன் வண்டி சத்தத்தை வைத்துத்தான் நான் மத்தியான சூப்பை அடுப்பில் ஏற்றுவேன்.

முதுகுவலி அவனுக்கு ரொம்ப வருஷமாக. வண்டியை விட்டு இறங்கும்போது துருப்பிடித்த மடக்கு நாற்காலியைப் பிரிப்பது மாதிரி இருக்கும். முதலில் ஒரு கை பெட்ரோல் டேங்கில், அப்புறம் ஒரு முனகல், அப்புறம்தான் கால். எங்களில் யாரும் டாக்டரைப் பற்றி யோசிக்கவே இல்லை. காரணம்தான் தெரியுமே. காற்று.

எங்கள் ஊரில் பல்வலி, கழுத்துப் பிடிப்பு, பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டது எல்லாவற்றுக்கும் காற்றுதான் காரணம். எதிரெதிர் ஜன்னல் இரண்டு திறந்திருந்தால் பெண்கள் அலறிக்கொண்டு ஓடிச் சாத்துவோம். அப்படியிருக்க, நாள் முழுக்கக் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறவனுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும்? தெசாங்கா ப்ளம் சாராயத்தில் துணியை நனைத்து அவன் இடுப்பில் போடுவாள். அதன் மேல் முட்டைக்கோஸ் இலை. அதன் மேல் ஆட்டுக் கம்பளி. எல்லாவற்றுக்கும் மேல் பைக் ஓட்டுகிறவர்கள் கட்டுகிற அகலமான பெல்ட்டை, முழங்காலை அவன் முதுகில் ஊன்றி, மூச்சு முட்ட இழுத்துக் கட்டுவாள். அவன் புறப்பட்டால் சாராய வாசனையும் முட்டைக்கோஸ் வாசனையும் கூடவே புறப்படும்.

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் வலி காலுக்கு இறங்கியது.

"கரண்ட் மாதிரி இருக்கு அண்ணி," என்றான் என்னிடம். "பின்பக்கத்துல ஆரம்பிச்சு கால் விரல் வரைக்கும் சுரீர்னு இறங்குது. ரீடிங் எடுக்க முடியாத கரண்ட்."

"எந்த வீட்டுலயோ மீட்டரை குறைச்சு எழுதியிருப்பே, அந்தப் பாவம்தான்," என்றேன். சிரித்தான். சிரித்ததும் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

கொஞ்ச நாளில் அந்த வலி நின்றுவிட்டது. தெசாங்காவுக்கு ஒரே பெருமை. "பாத்தியாக்கா? முட்டைக்கோஸ் இலையே இழுத்துடுச்சு!" என்று ஊரெல்லாம் சொன்னாள். கால் மட்டும் ஜில்லென்று இருக்கிறது என்று அவன் சொன்னானாம். ஜில்லென்று இருக்கிற காலுக்கு என்ன செய்வோம்? வலது காலுக்கு மட்டும் இரண்டு கம்பளிக் காலுறை பின்னிப் போட்டாள். கம்பளி நான் கொடுத்தது.

செப்டம்பர் கடைசியில், குளிர்காலத்துக்குப் பாட்டிலில் அடைத்து வைக்கச் சிவப்புக் குடைமிளகாய் சுடுகிற காலம் வந்தது. வீடு வீடாக முற்றத்தில் அடுப்பு, மிளகாய் மூட்டை, பாட்டில். எனக்குப் பாட்டில் இருந்தது, மூடி போதவில்லை. புதிமிரைக் கடைக்கு அனுப்பினேன். டிராக்டரில் டயர் பஞ்சர். "பஸ்ல போறேன்" என்றார். "பஸ் வர்றதுக்குள்ள மிளகா அழுகிடும் மனுஷா, தம்பி கூட போ," என்றேன். போனார்.

திரும்பி வரும்போது திஹோமிர் வீட்டு வளைவில் விழுந்தார்கள். எங்கள் வாசலிலிருந்து பார்த்தாலே அந்த வளைவு தெரியும். சத்தம் கேட்டு ஓடினேன். ரோடு முழுக்க பாட்டில் மூடிகள், இன்னும் சில உருண்டுகொண்டிருந்தன. பைக் பள்ளத்தில் கிடந்தது. ராடிசாவ் மண்ணில் உட்கார்ந்திருந்தான், முகத்தில் கீறல் மட்டும். புதிமிரின் கால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. திஹோமிரின் கறுப்பு நாய் கரோவ் அவர் மேல் ஏறி நின்று முகத்தை நக்கிக்கொண்டிருந்தது.

அவருக்கு ஒரு நிமிஷம் நினைவு தப்பியிருந்தது. கண் திறந்ததும் முதலில் பார்த்தது அந்த நாயின் வாயை.

"நாயா?" என்று தம்பியைக் கேட்டார்.

"ம்," என்றான் ராடிசாவ்.

அவ்வளவுதான் அவன் சொன்னது. நான் பக்கத்தில் இருந்தேன், எனக்கும் அது காதில் விழுந்தது. 

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்திருந்தன. வல்யேவோ ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மறுநாளே, ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு, திஹோமிர் வீட்டு வாசலுக்குக் கிளம்பிவிட்டார். தடுத்தால் கேட்கிற ஆளா?

திஹோமிர் பெண்டாட்டி செத்த பிறகு தனி ஆள். பிள்ளை குட்டி இல்லை. மேசையில் அவருக்கு எதிரே உட்காருவது அந்த நாய்தான் என்று ஊரில் கேலி செய்வார்கள். உண்மையும் அதுதான்.

"உன் நாயைக் கட்டிப் போட மாட்டியாய்யா?" புதிமிர் கேட்டுக்கு வெளியே நின்று கத்தினார். ஊன்றுகோலால் கேட்டைத் தட்டினார். "நான் செத்திருந்தா யாரு பதில் சொல்றது?"

"கரோவா? அது பைக் சத்தம் கேட்டா வாலாட்டும் புதிமிர். குறுக்க ஓடாது. குட்டியிலிருந்து அப்படித்தான்."

"அப்ப என் தம்பி பொய் சொல்றானா?"

திஹோமிர் எங்கள் வாசல் பக்கம் பார்த்தார். ராடிசாவ் அங்கேதான் நின்றிருந்தான். கையில் ஹெல்மெட். அந்த ஹெல்மெட்டுக்குள் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

திஹோமிர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு சொன்னார்: "சரி. உங்க வீட்டுப் புனிதர் நாள் விருந்துக்குள்ள அனுப்பிடறேன். என் அக்கா மகன் மரம் அறுக்கற பட்டறை வெச்சிருக்கான், மலைக்கு அந்தப் பக்கம். காவலுக்கு நாய் வேணும்னான். அங்க சங்கிலிதான். என்ன பண்றது."

மறுநாள் ஒரு தட்டில் திராட்சை கொண்டுவந்தார் மனுஷன். நான் கதவைத் திறக்கவில்லை. தட்டைச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போனார். குளவிகள் தின்றன.

அதிலிருந்து ராடிசாவுக்கு என்னவோ ஆகிவிட்டது. எங்கள் விறகை எல்லாம் அவனே பிளந்தான். அண்ணனுக்கு ஷேவ் செய்துவிட்டான், தலையணை மாற்றிவிட்டான், கேட்காமலே பேப்பர் வாங்கி வந்தான். புதிமிர் நெகிழ்ந்துபோனார். "இப்படி ஒரு தம்பி எவனுக்குக் கிடைக்கும்?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சொல்லும்போதெல்லாம் ராடிசாவ் எழுந்து வெளியே போய்விடுவான். சாப்பாடு இறங்கவில்லை. தெசாங்கா கண் பட்டுவிட்டது என்று தண்ணீரில் கரித்துண்டு போட்டுப் பார்த்தாள்.

என் பரணில் தொங்கவிட்டிருந்த சாசேஜ் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. நான் எடுக்காமல் சாசேஜ் எப்படிக் குறையும்? ஒரு நாள் பரண் பக்கமிருந்து நழுவிய ராடிசாவின் பின்னாலேயே போனேன். திஹோமிர் வீட்டு வேலி ஓரம் குந்தியிருந்தான், அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்து. வேலி இடுக்கு வழியாக என் சாசேஜைத் துண்டு துண்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். கரோவ் அவன் கையை நக்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் காலை உடைத்த நாய்க்கு எவனாவது சாசேஜ் போடுவானா?

அவன் எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தான். அப்போதுதான் அதைப் பார்த்தேன். வலது கால் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டு கழன்று நின்றுவிட்டது. அவன் காலுறையோடு ஈரத்தில் நடந்து போய்க்கொண்டேயிருந்தான். படி வரைக்கும் போனான். செருப்பு இல்லை என்று அவனுக்குத் தெரியவில்லை.

நான் ஆராய்ச்சி எல்லாம் செய்கிறவள் இல்லை. அடுத்த நாள் முற்றத்தில் கடைசி மூட்டை மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தேன். அவன் எதிரே ஸ்டூலில் காப்பி குடித்துக்கொண்டு, மேட்டு வீட்டு ஸ்தானொய்கா மாட்டுக் கொட்டிலுக்கு லைட் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். மிளகாய் திருப்புகிற முள்கரண்டியை எடுத்து அவன் வலது கால் விரலில் குத்தினேன். மெதுவாக இல்லை.

"...லைட்டைப் போட்டா பசு பால் கூட கறக்குமாம் அண்ணி, யாரோ சொன்னாங்களாம்..."

முள்கரண்டி இன்னும் அவன் காலுறையில் நின்றது.

"குனிஞ்சு பாரு," என்றேன்.

பார்த்தான். கப்பைக் கீழே வைத்தான். முகம் மாவு மாதிரி ஆகிவிட்டது.

"இதுதான் முட்டைக்கோஸ் இலை இழுத்ததா?" என்றேன். "உன் கால் மரத்துப்போயிருக்கு. எத்தனை நாளா?"

"வலி போனதிலிருந்து."

"பின் பிரேக்கு எந்தக் கால்ல?"

அவன் முள்கரண்டியைப் பிடுங்கித் தரையில் வைத்தான். வலது கால்தான் என்று எனக்கும் தெரியும். அவன் பின்னால் உட்கார்ந்து எத்தனை தரம் சந்தைக்குப் போயிருக்கிறேன்.

"வளைவுல மிதிச்சேன்னுதான் நினைச்சேன் அண்ணி," என்றான் கடைசியில். "கால் பிரேக் மேல இருக்குன்னு நினைச்சேன். ரெண்டு காலுறை வேற. கால் எங்க இருந்துச்சுன்னே தெரியல. விழுந்தப்புறம்தான் கரோவ் ஓடி வந்துச்சு. எங்களைப் பாக்கத்தான் வந்துச்சு."

"அப்ப ஏன்டா 'ம்'ன்னே?"

"அண்ணனே கேட்டாரு. நான் 'ம்'னு மட்டும்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியில சொல்லிடலாம்னு நினைச்சேன். அங்க எல்லார்கிட்டயும் அவரே நாய் நாய்னு சொல்லிட்டாரு. வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம்னு பாத்தேன். அவரு நேரா போய் கேட்டைத் தட்டிட்டாரு. ஒவ்வொரு நாளும் அது பெருசாயிட்டே போகுது." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "கால் செத்துப்போச்சுன்னு சொன்னா பைக்கை ஓட்ட விட மாட்டாங்க. பைக் இல்லாம இந்த மலையில எவன் எனக்கு வேலை கொடுப்பான்? அது கூடப் பரவாயில்ல. மரத்துப்போன காலுன்னு தெரிஞ்சே அவரைப் பின்னால ஏத்தினேன். அதை எப்படிச் சொல்றது?"

"வாயாலதான் சொல்லணும். வேற எதால சொல்வே? போ, இப்பவே சொல்லு."

"புனிதர் நாள் முடியட்டும் அண்ணி. விருந்தாளிங்க போனப்புறம் சொல்லிடறேன். அண்ணனுக்கு நாலு பேர் நடுவுல தலைகுனிவு வேணாம்."

"அதுக்குள்ள நாய் சங்கிலிக்குப் போயிடும்."

"தெரியும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கத்தியிருப்பேன். கத்தவில்லை. புதிமிரின் முகம் ஞாபகம் வந்தது. 'இப்படி ஒரு தம்பி' என்று சொல்கிற முகம். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். பைக் சாவியை மட்டும் அவன் பாக்கெட்டிலிருந்து பிடுங்கி என் மாவு டப்பாவுக்குள் போட்டேன். "வண்டி ரிப்பேர்னு ஆபீஸ்ல சொல்லு. இன்னொருத்தர் காலை உடைக்கறதுக்கு முன்னாடி நட." அவன் நடந்தான். மலை முழுக்க நடந்து ரீடிங் எடுத்தான். வலது காலைத் தரையில் தட்டித் தட்டி வைப்பான், நடக்கிற சத்தமே வேறு மாதிரி கேட்கும். நானும் தினமும் ரொட்டிக்கு மாவு எடுக்கும்போது அந்தச் சாவியைத் தொடுவேன். தொட்டுவிட்டு டப்பாவை மூடுவேன்.

எங்கள் ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதைக் காக்கிற ஒரு புனிதர், அவருக்கு வருஷத்தில் ஒரு நாள்; எங்கள் வீட்டுப் புனிதர் நாள் நவம்பரில். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு யாரையும் கூப்பிட மாட்டோம். கூப்பிட்டால் அவமானம். காலம் காலமாக வருகிறவர்கள் தானே வருவார்கள், வராதவர்களை ஏன் வரவில்லை என்று கேட்கவும் கூடாது. எங்கள் வீட்டுக்கு எப்போதும் முதலில் வருகிறவர் திஹோமிர். வந்ததும் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, "காத்து வருது, சாத்துங்க," என்பார். சாத்தியிருக்கும். ஆனாலும் சொல்வார்.

அந்த வருஷம் நாற்காலி காலி. எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு, பார்க்காத மாதிரி இருந்தார்கள். பன்றிக்கறியும் முட்டைக்கோஸ் உருண்டையும் அடுப்பில் தயார். மெழுகுவத்தி ஏற்றியாயிற்று. ரொட்டியை மேசை நடுவில் வைத்தேன்.

எங்கள் வீட்டில் ரொட்டியைப் பிய்ப்பது அண்ணனும் தம்பியும். இரண்டு பேரும் அதைக் கையில் தாங்கிச் சுற்ற வேண்டும். அடியில் குறுக்காகக் கீறி, அதில் வைன் ஊற்றி, முத்தமிட வேண்டும். பெரியவர் ஒரு வார்த்தை சொல்வார், சின்னவன் ஒரு வார்த்தை சொல்வான். பிறகு ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்க வேண்டும். யாருக்குப் பெரிய துண்டு வருகிறதோ அவன் வீட்டில் அந்த வருஷம் விளைச்சல் என்று சிரிப்போம்.

புதிமிர் ஒரு பக்கத்து அக்குளில் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு நின்றார். ரொட்டியைச் சுற்றினார்கள். வைன் ஊற்றினார்கள். அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு வேன் ஹார்ன் அடித்தது. பிறகு நாய் குரைத்தது. வேன் கதவு சாத்துகிற சத்தம். குரைப்பு வளைவைத் தாண்டித் தேய்ந்துகொண்டே போனது.

"கிறிஸ்து நம் நடுவில் இருக்கிறார்," என்றார் புதிமிர்.

ராடிசாவ் "இருக்கிறார், இருப்பார்" என்று சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து சொல்கிறவன்.  ரொட்டியைப் பிடித்தபடியே வேன் போன பக்கம் திரும்பினான்.

"சொல்லுடா," என்றார் புதிமிர் மெதுவாக.

"நாய் இல்லண்ணே."

"என்னது?"

"கரோவ் குறுக்க வரல. என் கால் மரத்துப்போச்சு. பிரேக்கை மிதிக்கவே இல்ல நான். நீங்க கேட்டீங்க, 'ம்'ன்னுட்டேன்."

 தெசாங்காதான் முதலில் பேசினாள். "வலி போயிடுச்சுன்னியே?"

"வலி போச்சு. காலும் கூடவே போச்சு."

புதிமிர் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "என்னைப் பின்னால ஏத்தும்போது தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூடத் தேவலை. ரொட்டியைப் பிய்க்காமல் அப்படியே தட்டில் வைத்தார். அவர் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. "கால் போனா போகட்டும்டா," என்றார். "அந்த மனுஷன் கேட்டைத் தட்டினேனே. திராட்சை கொண்டாந்தானே. என்னைய அங்க போய்க் கத்த வெச்சிட்டு நீ ஹெல்மெட்டைப் பாத்துட்டு நின்னியே."

"ரொட்டியைப் பிய்க்காம எழுந்திருக்கக் கூடாது புதிமிர்," என்றார் அவருக்குக் கல்யாணத்தில் சாட்சி நின்ற சிநேகிதர்.

"நாய் வரட்டும், அப்புறம் பிய்க்கலாம்," என்று சொல்லிவிட்டு ஊன்றுகோலை எடுத்தார்.

கோட்டைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். முன்னால் ஒரு நொண்டி, அவருக்குப் பின்னால் இன்னொரு நொண்டி. திஹோமிர் முற்றத்தில், நாயை வேன் வரை பிடித்துப்போன காலிச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். புதிமிர் கேட்டுக்கு வெளியிலேயே எல்லாவற்றையும் சொன்னார். ராடிசாவைச் சொல்லவிடவில்லை. கத்தியவன் நான், அதனால் நானே சொல்ல வேண்டும் என்றார்.

திஹோமிர் கேட்டைத் திறக்கவில்லை. ராடிசாவைப் பார்த்துக் கேட்டார்: "அது பேசாதுன்னுதானே?"

ராடிசாவ் தலை குனிந்தான்.

"வேலி ஓரமா சாசேஜ் போட்டது நீதானா? அது ராத்திரி சோறு வேணாம்னுச்சு. உடம்பு சரியில்லையோன்னு நான் பயந்துட்டு உக்காந்திருந்தேன்." சங்கிலியைச் சுவரில் மாட்டினார். "போங்க. உங்க வீட்டுல விருந்தாளிங்க இருப்பாங்க."

விருந்தாளிகள் இருந்தார்கள், பசியோடு. நான் சூப்பை ஊற்றினேன். வேறு என்ன செய்வது? முழு ரொட்டியை நடுவில் வைத்துக்கொண்டு எல்லாரும் கடை ரொட்டி தின்றார்கள்.

மறுநாள் விடிந்ததும் ராடிசாவ் மலைக்கு அந்தப் பக்கம் போனான். போகும்போது பஸ் கிடைத்தது. பட்டறைக்காரன் வம்பு பண்ணாமல் நாயை அவிழ்த்துவிட்டானாம். திரும்பும்போது டிரைவர் நாயை ஏற்ற முடியாது என்றுவிட்டான். நடந்தே வந்தான். செத்த காலோடு, சேற்றில், மலையைத் தாண்டி. இரண்டு இடத்தில் விழுந்தானாம். நாய் ஓடிப்போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவன் எழுந்திருக்கிற வரைக்கும் காத்திருந்ததாம். இதைச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டான்: "எனக்காக அது ஏன் காத்திருக்கணும் அண்ணி?"

"கயிறு உன் கையில இருந்துச்சு, அதான்," என்றேன். அவன் அழுதுவிடுவான் போலிருந்தது, அதனால் சொன்னேன்.

கரோவை வாங்கிக்கொண்டு திஹோமிர் கேட்டைச் சாத்திவிட்டார். சாயங்காலம் அண்ணனும் தம்பியும் அந்த ரொட்டியை எடுத்தார்கள். பலகை மாதிரி ஆகியிருந்தது. பிய்க்க வரவில்லை, உடைந்தது. "இருக்கிறார், இருப்பார்," என்றான் ராடிசாவ். யாரும் எந்தத் துண்டு பெரியது என்று பார்க்கவில்லை.

அடுத்த வாரம் நானே அவனை வல்யேவோவுக்குக் கூட்டிப்போனேன். தெசாங்காவும் வந்தாள். டாக்டரம்மா சின்ன வயசு, அதட்டல் குரல். அவன் சட்டையைக் கழற்றச் சொன்னார். பெல்ட், கம்பளி, துணி, இலை என்று ஒவ்வொன்றாக வர வர அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இது என்ன, மதியச் சாப்பாடா?"

"காத்துக்கு, டாக்டரம்மா," என்றாள் தெசாங்கா.

"காத்துல வர்றதில்லம்மா இது. முதுகெலும்பு நடுவுல இருக்கற வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துது. வலி நின்னு கால் மரத்தப்பவே ஓடி வந்திருக்கணும். வலி போனா நல்லதுன்னு யார் சொன்னது?"

"ஜன்னலை இப்படித் திறந்து வெச்சுட்டு காத்து இல்லங்கறீங்களே!" என்று தெசாங்கா போய் ஜன்னலைச் சாத்தினாள்.

டாக்டரம்மா அவன் பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுக்கச் சொன்னார். செங்கல் கனத்துக்கு இருந்தது. ஒரு பக்கமாக இதன் மேல் உட்கார்ந்துதான் வருஷக்கணக்காக வண்டி ஓட்டியிருக்கிறான். டார்ச்சும் ஸ்பானரும் போட்ட பையோ எப்போதும் ஒரே தோளில். "மீட்டர் பாக்க எப்படிக் குனிவீங்க, காட்டுங்க," என்றார். காட்டினான். "போதும், நிமிருங்க," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஆபரேஷன் வேண்டியிருக்கவில்லை. ஊசி, மாத்திரை, பிறகு வெந்நீர் ஊற்று இருக்கிற ஊருக்கு அனுப்பி உடற்பயிற்சி. கால் திரும்பும் வரை பைக்கைத் தொடக் கூடாது என்றார். ஆபீஸில் உண்மையைச் சொன்னான். மேலதிகாரி திட்டிவிட்டு, சம்பளத்தைக் குறைத்து, கீழ்த் தெருவுக்கு மட்டும் நடந்து போகிற வேலை கொடுத்தார். தெசாங்கா பால் விற்க ஆரம்பித்தாள். புதிமிர் அவனோடு பேசினார், ஆனால் 'இப்படி ஒரு தம்பி' என்கிற பேச்சு அத்தோடு நின்றது. அவர் கால் கொஞ்சம் குட்டையாகத்தான் சேர்ந்தது. இப்போதும் விந்தி நடக்கிறார். அவர் நடக்கும்போது ராடிசாவ் வேறு பக்கம் பார்ப்பான்.

தினமும் காலையில் எங்கள் முற்றத்தில் கம்பளம் விரித்து மல்லாந்து படுத்து, ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சுக்கு இழுப்பான். பிறகு குப்புறப் படுத்து முழங்கையில் எழும்புவான். கோழிகள் அவன் மேல் ஏறும். மழையில் திண்டாடுவான், ஆனால் ஒரு நாள் விட மாட்டான். இவ்வளவு சொன்ன பேச்சைக் கேட்கிறவன் இல்லை அவன். தண்டனை மாதிரி செய்தான்.

அடுத்த கோடை முடிவில் டாக்டரம்மா காலில் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு, சுண்டு விரல் போகட்டும், மற்றதெல்லாம் வந்துவிட்டது என்றார். பைக்கின் ஹேண்டிலை உயர்த்தி, கால் வைக்கிற கம்பியை முன்னால் தள்ளி, சீட்டை மாற்றினான். பை இரண்டானது, வண்டிக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று. பர்ஸ் சட்டைப் பையில். ஒற்றைக் காலுறை, அதுவும் மெல்லியது. பின்னால் யாரையும் ஏற்றுவதில்லை. நானே கேட்டும் ஏற்றவில்லை. அரை மணிக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்தி இறங்கி முதுகை நிமிர்த்த வேண்டும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. மாவு டப்பாவிலிருந்து சாவியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன்.

மலையிலிருந்து இறங்கும்போது அவன் நிறுத்துகிற கடைசி இடம் அந்த வளைவு. வேறு இடம் இல்லையா என்றால் இருக்கிறது. அங்கேதான் நிறுத்துவான். திஹோமிரின் கேட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு முதுகைப் பின்னால் வளைப்பான். கரோவ் எழுந்து வந்து, கேட்டுக்கு அடியில் நுழைந்து, அவன் வலது கால் மேல் உட்கார்ந்துகொள்ளும். பெரிய நாய், நல்ல எடை.

போன வாரம் கடைக்குப் போய்விட்டு அந்த வழியாக வந்தேன். திஹோமிர் முற்றத்தில் முட்டைக்கோஸ் அறுத்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் அவன் நிற்கும்போது உள்ளே போய்விடுகிறவர், அன்றைக்குப் போகவில்லை.

"தெரியுதா?" என்றார் தலையைத் தூக்காமல்.

"என்னது திஹோமிரண்ணே?"

"அது உக்காந்திருக்கறது."

ராடிசாவ் குனிந்து காலைப் பார்த்தான். "தெரியுது. கனமா இருக்கு."

"இருக்கட்டும்," என்றார் திஹோமிர். அடுத்த முட்டைக்கோஸை எடுத்தார்.

புனிதர் நாள் இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் வருகிறது. கூப்பிட முடியாது. ஜன்னல் ஓரத்து நாற்காலியின் ஆடுகிற காலுக்கு நேற்று ராடிசாவ் ஆணி அடித்தான்.